சுந்தரியின் இரண்டு வெற்றுப் பக்கங்கள்

மலர்,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள் படித்துவிட்டுத் தூங்கிவிடுவாய். தமிழ் என்றால் வரிக்கு வரி விரல் வைத்து, உதட்டை அசைத்து, அம்மா ஏன் இவ்வளவு நீளமான வார்த்தைகளைப் போடுகிறாள் என்று அலுத்துக்கொண்டு, ஜகார்த்தா வரைக்கும் படிப்பாய். எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. நம் காலனித் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதன் நகலைத்தான் அவர்களுக்கும் கொடுக்கப் போகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் உள்ளே சொல்கிறேன்.

நீ போகிற இடம் மத்திய ஜாவாவில் சலாத்திகா என்கிற மலையூர். அங்கே ஒரு பாட்மின்டன் கிளப். இளம் பெண்களுக்கு ஒற்றையர் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர் சுந்தரி. அந்தப் பெண்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று தினமும் ஆடிக்கொடுக்கிற ஸ்பாரிங் பார்ட்னராக இரண்டு வருடம் நீ போகிறாய். கிளப்பிலிருந்து வந்த கடிதத்தில் ‘திரு. முருகேசன் அவர்களுக்கு’ என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலேயே உன் அப்பாவின் பெயரை எடுத்து உன் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்கோர் போர்டிலும் சட்டை முதுகிலும் நீ முருகேசன்தான். கடிதத்தை நீ சத்தமாகப் படித்ததும் அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து, “பாத்தியா, கூப்பிட்டது என்னையத்தான். நான் போறேன், நீ குர்லா பட்டறைக்குப் போய் லேத் ஓட்டு” என்றார். “அரே பப்பா, உங்க தொந்திய வச்சுக்கிட்டு பேக்ஹேண்ட் எப்படி அடிப்பீங்க?” என்றாய் நீ. “தொந்தி முன்னாலதானட்டி இருக்கு, பேக்ஹேண்டு பின்னாலல்லா?” என்றார். மூவரும் சிரித்தோம். சிரித்து அடங்கியதும், மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் நீ சொன்னாய்: “சுந்தரி மேடத்துகிட்ட முதல்ல அந்த ரெண்டு வருஷத்தப் பத்தித்தான் கேக்கணும். முட்டி போயி, ஸ்டூல்ல உக்காந்து பிராக்டிஸ் பண்ணாங்கல்ல, அது.” அப்பா புரையேறித் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து குழம்பை மூடி வைத்தேன்.

மலர், அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்தக் கதையை நான் கட்டினேன். ஏழு வருடங்களாக அதை நிஜம் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். இப்போது அந்த மனிதரின் முன்னாலேயே போய் நிற்கப் போகிறாய். போன முதல் நாளே அவரிடம் நீ அதைக் கேட்டு, அவர் புரியாமல் முழித்து, சுற்றி நிற்கிற பெண்கள் உன்னைப் பார்த்து, அந்த நிமிடத்தில் நீ என்னை நினைத்துக்கொள்வதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். எது பேப்பரில் வந்தது, எது என் வாயில் வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பேப்பர் என்றால் ரத்தி பேப்பர். உன் தாத்தா தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டுகளைப் பிரித்து ஆங்கிலம், மராத்தி, குஜராத்தி, தமிழ் என்று அடுக்குவது என் வேலை. அடுக்கினேன் என்று சொல்ல முடியாது, படித்தேன். எதையும் விட மாட்டேன். கல்யாண விளம்பரம், காணவில்லை அறிவிப்பு, கப்பல் வருகை எல்லாம் படிப்பேன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் முடிவுகள் வரும். அங்கேதான் பன்னிரண்டு வயதில் ஒரு வரியைப் பார்த்தேன். பெண்கள் ஒற்றையர், சுந்தரி, அடைப்புக்குறிக்குள் ஐ, என், ஏ. இரண்டாவது சுற்றில் தோல்வி. மற்ற எல்லாருக்கும் இரண்டு பெயர் இருந்தது. இவருக்கு மட்டும் நம்மைப் போல ஒரே பெயர், அதுவும் சுந்தரி. எங்கள் வீட்டு வரிசையிலேயே மூன்று சுந்தரிகள் இருந்தார்கள். ஒருவர் குழாயடியில் எங்களுக்கு அடுத்த ஆள். ஐ, என், ஏ என்றால் இந்தியா என்பதைச் சுருக்கியிருக்கிறார்கள், நடுவில் ஓர் எழுத்து அச்சில் விட்டுப்போயிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஓடிப்போய் உன் தாத்தாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, “ஐ.என்.ஏ.ன்னா சுதந்திரத்துக்குப் போன பட்டாளம்லா? அதுலயா இந்தப் புள்ள பந்தடிக்கி?” என்று கேட்டார்.

அந்த வரியைக் காம்பஸ் டப்பாவில் இருந்த பிளேடால் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினேன். அதன் பிறகு கட்டுகளில் சுந்தரியைத் தேடுவதே வேலையாகப் போயிற்று. வெட்ட வெட்டக் கடைப் பேப்பரில் ஓட்டை விழுந்தது. “ஏட்டி, ஓட்டப் பேப்பர்ல எவன் வடைய மடிச்சுக் குடுப்பான்? எண்ணெ வெளிய வரும், வடையும் வெளிய வரும்” என்று தாத்தா கத்துவார். ஆனால் பிளேடைப் பிடுங்கியதில்லை. ரத்திக்கு ஒரு குணம் உண்டு, அது வரிசையாக வராது. மாட்டுங்காவில் ஒரு வீட்டைக் காலி செய்தால் மூன்று வருடத்துப் பேப்பர் ஒரே நாளில் வரும். சயானிலிருந்து வருகிற கட்டில் போன வாரத்துப் பேப்பர் இருக்கும். அதனால் சுந்தரி ஓர் இறுதி ஆட்டத்தில் தோற்றதை நான் முதலில் படித்தேன். அந்தப் போட்டியின் அரையிறுதியில் அவர் ஜெயித்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது. முடிவு தெரிந்த பிறகும் அந்த அரையிறுதியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இடம் விட்டு விட்டு ஒட்டி, தேதி பார்த்து மாற்றி ஒட்டி, ஒருவருடைய வாழ்க்கையைப் பிய்ந்த துண்டுகளிலிருந்து சேர்த்தேன்.

அந்த வருடம் எங்கள் முனிசிபல் பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. ‘நான் போற்றும் பெண்’ என்று தலைப்பு. மற்றவர்கள் எல்லாரும் ராணிகளையும் தலைவிகளையும் பேசினார்கள். நான் சுந்தரியைப் பேசினேன். உலகப் போட்டிகளில் ஆடும் தமிழ்ப் பெண் என்றேன். கைதட்டல் வந்ததும் எனக்கு என்னவோ ஏறிவிட்டது. அவர் திருநெல்வேலிப் பக்கம் என்றும், அவருடைய அப்பாவும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர் என்றும், காற்றடிக்கிற சந்தில் இறகுப் பந்தை அடித்துப் பழகியவர் என்றும் நிற்காமல் சொன்னேன். முதல் பரிசு எனக்குத்தான். பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர். நீ பள்ளி நாள் முழுக்கப் பால் குடித்தாயே, ‘பேச்சுப் போட்டி’ என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்குமே, அதேதான். இருபது நாள் கழித்து ஒரு கட்டிலிருந்து முழுப் படத்தோடு செய்தி கிடைத்தது. ‘இந்தோனேசியாவின் சுந்தரி.’ அட்லஸை விரித்து அந்தத் தீவுகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. குழாயடிச் சுந்தரியக்கா அதற்குள் என்னை நிறுத்தி, “நம்ம பேருல்லா வச்சிருக்கா அந்தப் புள்ள! நல்லா வரட்டும்” என்று சொல்லியிருந்தார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? அன்று அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இன்றும் தாராவியிலும் மான்குர்த்திலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆண்டு மலரில் இதைப் போடுவது அவர்களுக்காக. தோழிகளே, சுந்தரி நம் ஊர் இல்லை. பரிசைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, டம்ளரில் என் மகள் பால் குடித்துவிட்டாள்.

ஆனால் மலர், அவர் நம் ஊர் இல்லை என்று தெரிந்த பிறகும் நான் ஒட்டுவதை நிறுத்தவில்லை. இதை நீ கவனிக்க வேண்டும். நம்மவர் என்று நினைத்துத்தான் அவரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. நம்மவர் இல்லை என்று தெரிந்தபோது பிடித்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. அங்கே உன்னை யாராவது முதலில் ஆம்பளை என்று நினைத்தால், பாஷை தெரியாது என்று ஒதுக்கினால், அவசரப்பட்டு முகத்தைத் தூக்காதே. தப்பான காரணத்துக்காக ஒருவர் நம் பக்கம் திரும்பிப் பார்த்தாலும், அதற்குப் பிறகு சரியான காரணங்கள் வருவதற்கு இடம் இருக்கிறது.

உனக்கு ஒன்பது வயதில் நம் செம்பூர் காலனியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட ஆரம்பித்தீர்கள். நீ அடித்த பந்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது மாடி ஜன்னல் கம்பியில் செருகும். அதைப் பார்த்த அன்றே பரண் மேலிருந்து நோட்டை இறக்கினேன். உன்னைத் தமிழ் படிக்க வைக்க நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ரயிலில் போகும்போது கடைப் பலகைகளைக் காட்டுவேன். ஒற்றைக் கொம்பு குறில், இரட்டைக் கொம்பு நெடில் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் எனக்குப் பிறந்தநாள் என்று நீ அட்டையில் எழுதிக் கொடுத்தாய்: ‘அம்மாவுக்கு தொடு வாங்கணும்.’ தோடு வாங்கணும் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தாய். இந்தி சரளம், ஆங்கிலம் சரளம், தமிழ் மட்டும் உனக்குக் கொம்பு முளைத்த பிராணியாகவே இருந்துவிட்டது. நோட்டில் பெரும்பாலும் தமிழ்த் துண்டுகளும் ஓரத்தில் என் குறிப்புகளும்தான், என் கையெழுத்தோ சேர்த்து எழுதுகிற கையெழுத்து. ஆகவே அந்த நோட்டை உனக்கு வாசித்துக் காட்டுகிற ஒரே ஆள் நான்தான். அந்த வசதி என்னைக் கெடுத்தது.

சுந்தரி ஓர் இறகைப் பிடுங்கிவிட்டு அந்தத் தள்ளாடும் பந்தில் பழகினார் என்று சொன்னேன். பொய். நீயும் பிடுங்கினாய், கோச் உன்னைக் கோர்ட்டைச் சுற்றிப் பத்துத் தடவை ஓட விட்டார். தோற்ற நாளில் கோர்ட்டைத் தானே பெருக்கிவிட்டுத்தான் போவார் என்று சொன்னேன். அதுவும் பொய். ஆனால் நீ தோற்ற ஒவ்வொரு முறையும் விளக்குமாறை எடுத்தாய். எல்லா ஹாலிலும் கூட்டுகிற ஆட்கள் உன்னைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அந்தப் பொய்க்கு நான் பெரிதாக வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. உனக்குப் பன்னிரண்டு வயதில், மாவட்டப் போட்டியில் தோற்றுவிட்டு ரயிலில் ஏங்கி ஏங்கி அழுதாய். பெண்கள் பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. “சுந்தரி ஒருநாளும் அழுததில்லை தெரியுமா?” என்றேன். நீ டக்கென்று நிறுத்தினாய், குழாயை மூடியது போல. அதன் பிறகு நீ அழுது நான் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நிற்பாய். அந்த முகத்தை நான்தான் உனக்குச் செய்துகொடுத்தேன்.

உண்மை என்னவென்றால், நோட்டில் இருந்து நான் உனக்குக் காட்டாமல் எடுத்துவிட்ட ஒரு படம் இருக்கிறது. சுந்தரி தோற்றுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடி அழுகிறார். துண்டுக்குக் கீழே வாய் தெரிகிறது, குழந்தை வாய் மாதிரி கோணிக்கொண்டு. அடியில் ‘கண்ணீர் விடும் சுந்தரி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். உன்னால் படிக்க முடிகிற பாஷை என்பதால்தான் மறைத்தேன். அதை நோட்டின் பழுப்பு அட்டைக்குள் செருகி வைத்தேன். அங்கே போய் அழ வேண்டுமென்று தோன்றினால் அழு, மலர். ரயிலோ, ஹாலோ, யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். அன்று அந்தப் பெட்டியில் நான் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இப்போது முட்டிக்கு வருகிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. மாநில அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வலையோரம் விழுந்த ஒரு டிராப்பை எடுக்கப் பாய்ந்தாய், கால் திரும்பியது, வலது முட்டியில் சவ்வு கிழிந்தது. சயானில் ஆபரேஷன் செய்து, கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ராக்கெட்டை எல்லாம் அப்பாவிடம் சொல்லி அலமாரிக்குப் பின்னால் தள்ளச் சொன்னாய். முட்டியை மடக்கப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம், “மேம், சோடோ, விட்டுடுங்க, இனிமே எதுக்கு?” என்றாய். ஆறாவது நாள் சாயங்காலம், நான் வேலை பார்க்கும் பள்ளி ஆபீஸிலிருந்து வந்து கைகால் கூடக் கழுவாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உன் கட்டிலில் உட்கார்ந்தேன். அதில் சுந்தரியின் வாழ்க்கைக்கு நடுவே இரண்டு வருடம் காலி. அந்த இரண்டு வருடத்துக்கு ரத்தி எனக்கு ஒன்றுமே கொண்டுவரவில்லை. என்றைக்காவது வரும் என்று இரண்டு பக்கம் விட்டு வைத்திருந்தேன். கடையையே மூடினோம், வரவில்லை. அந்த வெற்றுப் பக்கங்களை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ‘சுந்தரியின் முழங்காலில் பலத்த காயம்’ என்று வாசிக்க ஆரம்பித்தேன்.

தினமும் கொஞ்சம் வாசித்தேன், வெற்றுப் பக்கம் உன் கண்ணில் பட்டுவிடுமோ என்று மறுநாளிலிருந்து ஒட்டிய பக்கம் எதையாவது விரித்துப் பிடித்துக்கொண்டு. மதியம் ஆபீஸில் ரசீது போட்டுக்கொண்டே அன்றைய பகுதியை யோசித்து வைப்பேன். சுந்தரியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுந்தரியும் ராக்கெட்டை ஒளித்து வைக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் அவருடைய அம்மா அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே நின்று பந்தைப் போட்டார். ‘கால்தானே போயிற்று, கை இருக்கிறதல்லவா’ என்றார். இதை வாசித்து முடித்ததும் நீ சுவரிலிருந்து திரும்பாமலே கேட்டாய், “எத்தன பந்து?” நூறு என்றேன். மறுநாள் சமையலறைக்கும் டிவிக்கும் நடுவில் உன்னைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து நான் பந்து போட்டேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காக எறிந்த பொருள் எதுவும் கிடையாது. ஒன்று ஃபேனில் போயிற்று, ஒன்று சாம்பார்க் குண்டானில். பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறந்த அப்பாவின் நெற்றியில் ஒன்று விழுந்தது. “வீட்டுக்குள்ள வரணுமா வேண்டாமா? ஹெல்மெட்ட கழட்டியிருக்கப்படாது போல” என்றார். “முருகேசன் அவுட்!” என்று நீ கத்தினாய். ஆறு வாரத்தில் நீ சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் உள்ளே போய்ச் சாம்பாரில் கிடந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டே நினைத்தேன், இந்தப் பொய்யை இனி நிறுத்த முடியாது.

பதினோரு மாதம். நீ திரும்ப ஆடினாய். முன்பு போல முதல் பத்துக்குள் வரவில்லை. ஆனால் உன் கை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதனால்தான் ஸ்பாரிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “மேட்ச் ஆடப் போகலியா? சும்மா அடுத்தவளுக்குப் பந்து போடத்தான் போறாளா?” என்று உன் அத்தை கேட்டபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். குனியாதே. பந்து போடத் தெரியாத அம்மா இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் நீ. நல்ல பந்து போடுகிற ஆள் எதிரே நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

சுந்தரியைப் பற்றி நிஜமாகவே எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்றால், பதினான்கு துண்டுப் பேப்பர். அவர் பெரிய சாம்பியன் இல்லை. ஒரு போட்டியில் ஜெயித்தார், சின்னப் போட்டி. இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்றார். பெரும்பாலும் காலிறுதியில் வெளியே போனார். பெண்களுக்குப் பதினொரு பாயிண்ட் இருந்த காலம் அது, மூன்றாவது கேமில் 9-11 என்று தோற்றது மட்டும் நான்கு இருக்கிறது. ஒரு படத்தில் பந்து வலையில் உரசி எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது, பாயிண்ட் இவருக்கு, ஆனால் கையைத் தூக்கி எதிராளியிடம் மன்னிப்புக் கேட்கிறார். நெட்டில் தேடினால் இதில் பாதிகூட இல்லை, நீயும்தான் தேடிப் பார்த்தாயே. பேப்பரின் அடியில் ஒரு வரிக்கு மட்டும் வந்த ஒருவரை, பேப்பர் வடை மடிக்கப் போவதற்கு முன்னால் ஒரு பெண் வெட்டி எடுத்து வைத்தாள் என்று அவரிடம் சொல். அது நிஜம். அதை எந்தப் பயமும் இல்லாமல் சொல்லலாம்.

இரண்டு வருடம் அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், வாரா வாரம் ஆடியும் இருக்கலாம். எங்கள் கடைக்கு வந்த கட்டுகளில் அந்த வாரங்கள் மட்டும் இல்லாமல் போயிருக்கலாம். அந்த நோட்டையும் உன் பையில் வைத்து அனுப்பப் போகிறேன். பரண் மேல் பச்சைப் பெட்டியில் இருக்கிறது. உன் முட்டி சரியான நாளில் உள்ளே வைத்தேன், வெட்கத்தில் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் இறக்கி, அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே இதைச் செருகிவிடுவேன். அவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அந்தப் பக்கங்களில் நீ எழுது. ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.

இதை இங்கேயே முடிப்பதாக இருந்தேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன், மேலே அடித்திருப்பது அதுதான். ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, நோட்டை எடுத்தேன். அழுகிற சுந்தரியின் படம் அட்டைக்குள் இல்லை. அது உள்ளே, அந்த இரண்டு பக்கங்களின் மேல் ஓரத்தில், சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. பக்கங்கள் காலியாக இல்லை. பென்சிலில், கட்டம் கட்டமாக, உன் கையெழுத்து. தமிழில்! நான் பள்ளி ஆபீஸுக்குப் போயிருந்த நேரங்களில் நோட்டு உன் கட்டிலிலேயே கிடந்தது என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

‘இன்று முட்டி 40 டிகிரி.’ ‘இன்று 55. வலி.’ ‘இன்று அழுதென். அம்மா ஆபிஸ்.’ ‘70. ஸ்டுல் 100 பந்து.’ அதற்குக் கீழே, மற்றதைவிட அழுத்தி எழுதியது: ‘அம்மா போய் சொல்லுது. பக்கம் காலி. நல்ல போய். நாளைக்கும் கெக்கணும்.’

வரிக்கு வரி விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “அன்னைக்கே தெரியும். அவ என்கிட்டதான் ‘காலி’க்கு எந்த ல-ன்னு கேட்டா. எனக்கும் தெரியல” என்றார். அந்த மீன் குழம்பு நாளில் நீ ஏன் என்னைப் பார்க்காமல் பேசினாய் என்று இப்போது புரிகிறது. கழுதை.

கைப்பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அழுதென் இல்லை, அழுதேன். கெக்கணும் இல்லை, கேக்கணும். பொய்க்கு ஒற்றைக் கொம்புதான் என்று ரயிலில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீ இரட்டைக் கொம்பு போட்டிருக்கிறாய். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ எழுதியபடியே இருக்கட்டும். இந்தப் பக்கங்களில் இனி சுந்தரிக்கு இடமில்லை, அவருக்கென்று நோட்டின் கடைசியில் புதுத்தாள் தைத்திருக்கிறேன். அவரைப் பார்த்ததும் அவருக்கே தெரியாத அந்த முட்டிக் கதையை முதலிலிருந்து சொல், ஸ்டூல், சாம்பார், அப்பாவின் நெற்றி எல்லாவற்றையும் சேர்த்து. அவரும் சிரிக்கட்டும். நான் இவ்வளவு நாளும் சொன்னது ஒற்றைக் கொம்பு. நீ போய்ச் சொல்.